முழங்கால் வலி எப்போது புளோரோசிஸ் ஆகிறது?

ஒரு ஓபி சீட்டை எடுத்துக்கொள்வோம். நானே எழுதிய கற்பனைச் சீட்டுதான், நிஜ நோயாளி யாரும் இதில் இல்லை. ஆனால் தருமபுரி மாவட்டத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இந்த மாதிரி ஒன்று கண்ணில் படும்.

58 வயது ஆண். இரண்டு முழங்காலிலும் வலி, முதுகு இறுக்கம், 3 வருடமாக. காய்ச்சல் இல்லை. சர்க்கரை 10 வருடம். மெட்ஃபார்மின் 500, 1-0-1.

நிஜச் சீட்டில் இது பாதி ஆங்கிலச் சுருக்கெழுத்தில், டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் மட்டும் புரிகிற கையெழுத்தில் இருக்கும். இந்த மாதிரி வரிகளைக் கம்ப்யூட்டர் படித்து, எது நோய், எது அறிகுறி, எது மருந்து என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்க ஒரே அர்த்தம் தரும் எண்ணை ஒட்டி, எந்த மருத்துவமனை மென்பொருளும் திறக்கக்கூடிய ஆவணமாக மாற்றுவது இப்போது பெரிய வேலை. நானும் தொழில்முறையில் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். மேலே உள்ள வரியை எங்கள் மாதிரி ஆட்களின் நிரலுக்குக் கொடுத்தால் சில நொடிகளில் முழங்கால் வலி, நீரிழிவு, மெட்ஃபார்மின் என்று அழகாகப் பிரித்துத் தந்துவிடும். எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அந்த மனிதர் முப்பது வருஷமாக எந்தப் போர்வெல் தண்ணீரைக் குடித்தார் என்பது சீட்டிலேயே இல்லை. அதனால் ஆவணத்திலும் இருக்காது.

நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று சேர்த்திருக்கிறார்கள். ஜப்பான் கடனுதவியுடன் 2008இல் தொடங்கி 2013இல் பயன்பாட்டுக்கு வந்த திட்டம் அது. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் பல வருஷம் குடித்தால் பல்லில் கறை, அப்புறம் எலும்பில் இறுக்கம். கறை தெரியும். இறுக்கம் 'வயசாச்சு, வாதம்' என்று போய்விடும்.

இந்த நோய் இந்திய மருத்துவ ஏட்டில் எப்படி நுழைந்தது என்ற கதையிலிருந்து ஆரம்பித்தால் நான் சொல்லவருவது எளிதாகப் புரியும். 1937. அன்றைய மதராஸ் மாகாணம், நெல்லூர் மாவட்டம். உழவு மாடுகள் கால் விறைத்து நடக்க முடியாமல் போவதை முதலில் கவனித்தவர்கள் விவசாயிகள். மனிதர்களுக்கும் கழுத்தும் முதுகும் கட்டைபோல் இறுகியிருந்தன. கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட், அவருடன் மெக்ராபர்ட், பர்னார்ட், நாயர் ஆகிய நான்கு பேர் இதை ஆராய்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். 1940இல் பண்டிட் குழுவினர் தென்னிந்தியா அளவில் தொடர்ந்தார்கள். அவர்கள் கையில் குறியீட்டுப் பட்டியல் ஏதும் இருந்து அதில் டிக் அடிக்கவில்லை. நோயாளி சொன்னதை எழுதினார்கள், எலும்பைப் பார்த்தார்கள், கிணற்று நீரைச் சோதித்தார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் நோய்க்குப் பெயர் பொருந்தியது. முதலில் விவரிப்பு, பிறகு பெயர், கடைசியில்தான் எண்.

இன்று அதற்கு எண் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஐசிடி பத்தாம் திருத்தத்தில் பல் கறை கே00.3, செரிமான மண்டல நோய்களுக்கான அத்தியாயத்தில் (வாயும் பல்லும் அங்கேதான் வரும்). எலும்புப் புளோரோசிஸ் எம்85.1, தசை, எலும்பு அத்தியாயத்தில். ஒரே தண்ணீர், ஒரே வீடு, பேரனுக்குப் பல்லில், தாத்தாவுக்கு முழங்காலில். புள்ளிவிவர அட்டவணையில் இருவரும் வெவ்வேறு பக்கத்தில் இருப்பார்கள். தாத்தாவின் சீட்டில் வெறும் மூட்டு வலி என்று இருந்தால் எம்25.5. அப்போது அவர் புளோரோசிஸ் கணக்குக்குள் வரவே மாட்டார்.

இந்தப் பட்டியல் எப்படி வந்தது? இதற்குப் பின்னால் இருப்பது டாக்டர்களைவிடக் கணக்கர்கள்தான். 1830களின் கடைசியில் லண்டன் பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்த வில்லியம் ஃபார், மரணக் காரணங்களைத் தொகுக்கும்போதே புலம்பியிருக்கிறார்: ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள், ஒரே பெயர் பல நோய்களுக்கு. இன்றைக்கு என் குழுவில் புதிதாகச் சேரும் பையன்கள் இரண்டாவது வாரம் சொல்வதும் அதேதான். பிறகு பாரிஸ் நகரப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் 1893இல் சிகாகோவில் தன் மரணக் காரணப் பட்டியலை முன்வைத்தார். (குற்றவாளிகளை உடல் அளவு வைத்து அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்த அல்போன்ஸ் பெர்டியோன் இவருடைய தம்பி. மனிதர்களை எண்ணாக்குவது அந்த வீட்டுத் தொழில் போல.) 1900இல் பாரிஸில் முதல் திருத்தம். 1948இல் ஆறாம் திருத்தம் உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தபோதுதான் இறப்போடு நோய்களையும் சேர்த்தார்கள். அதாவது, இன்று உயிரோடு இருக்கும் நோயாளிக்கு நாம் ஒட்டும் எண்ணின் மூதாதை ஒரு மரணப் பதிவேடு. ஒருவர் எதனால் செத்தார் என்பதற்கு ஒரு பதில் போதும். ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதற்கு ஒன்று போதாது.

அந்தப் போதாமையிலிருந்து இன்னொரு வம்சம் கிளம்பியது. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர்கள் 1965இல் ஆரம்பித்த பெயர்த்தொகுதி ஒரு பக்கம். இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரின் குடும்ப மருத்துவர் ஜேம்ஸ் ரீட் 1980களில் தன் கிளினிக் கம்ப்யூட்டருக்காக உருவாக்கிய ரீட் குறியீடுகள் இன்னொரு பக்கம். இரண்டும் வளர்ந்து ஒன்றுசேர்ந்து 2002இல் ஸ்னோமெட் சிடி ஆயின. இதில் லட்சக்கணக்கான கருத்துகள். நீரிழிவுக்கு 73211009. முழங்கால் வலிக்குத் தனி எண், வலிக்குத் தனி, முழங்காலுக்குத் தனி, இவற்றுக்கிடையே உறவுகள் வேறு. இந்தியா 2014இல் இதில் உறுப்பு நாடானது, அதனால் இங்கே யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம்.

சரி, எண்கள் இருக்கின்றன. எழுத்திலிருந்து எண்ணுக்கு எப்படிப் போவது?

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நவோமி சேகர் என்ற மொழியியலாளர் 1960களிலிருந்து இதில் உழைத்தார். மருத்துவக் குறிப்பு என்பது ஆங்கிலத்துக்குள் ஒரு குட்டி மொழி, அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது என்பது அவர் எடுத்த நிலை. எழுவாய் இருக்காது, வினை இருக்காது, ஆனால் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வரும் என்பதில் ஒழுங்கு இருக்கும். 1990களில் கொலம்பியாவில் கரோல் ஃப்ரீட்மன் உருவாக்கிய மெட்லீ என்ற நிரல் மார்பு எக்ஸ்ரே அறிக்கைகளைப் படித்தது. காசநோய் சந்தேகம் உள்ளவர்களைத் தனி அறைக்கு மாற்றுவதற்குக்கூட அந்த மருத்துவமனையில் அது உதவியது. 2001இல் வெண்டி சாப்மனும் பிட்ஸ்பர்க் நண்பர்களும் நெக்எக்ஸ் என்று ஒன்றை வெளியிட்டார்கள். ரொம்பச் சின்ன நிரல்தான்: எதிர்மறைச் சொற்களின் பட்டியல் ஒன்று, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சில சொற்கள் தூரத்துக்குள் வரும் நோய்ப் பெயர் 'இல்லை' என்று பொருள். அவ்வளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் நம் 58 வயதுக்காரருக்கு ஆவணத்தில் காய்ச்சல் வந்துவிடும்.

தமிழில் வரும்போது இந்த இடம் வேறு மாதிரி ஆகிறது. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் பெரும்பாலும் நோய்க்கு முன்னால் நிற்கும். நமக்குப் பின்னால் வரும், அதுவும் தனிச் சொல்லாக இல்லாமல் வினைக்குள் ஒளிந்துகொண்டு: காய்ச்சல் வரல, மூச்சு விட முடியல. முதலாவதில் காய்ச்சல் இல்லை. இரண்டாவதில் மூச்சுத்திணறல் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே அமைப்பு! அப்புறம் பெயர்கள். 'சர்க்கரை' டீயில் போடுவதும்தான், நோயும்தான். 'வாயு பிடிச்சிருக்கு' வயிற்று உப்புசமாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். 'வாதம்' நம் பக்கத்துக் கிழவிகள் வாயில் மூட்டு வலி, பக்கத்து வீட்டில் கை கால் விழுந்தவருக்கும் அதே சொல். சித்த மருத்துவரிடம் போனால் உடலியக்கம் மூன்றில் ஒன்று. இதை ஒரு எண்ணாக்கு என்றால் எதை ஆக்குவது?

இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர் இல்லாமலே பெரிய அளவில் எதிர்கொண்ட ஒரு வேலை தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் பிடித்ததே அதைப் படித்ததால்தான். சென்னையின் டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து 1990களில் சென்னையில் 48,000, விழுப்புரம் மாவட்டத்தில் 32,000 என்று 80,000 பெரியவர்களின் மரணங்களை ஆராய்ந்தார்கள். இறந்தவர் வீட்டுக்கு ஆள் போவார். டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற களப்பணியாளர். கடைசி நாட்களில் என்ன ஆச்சு என்று கேட்டு, குடும்பம் சொன்னதை விவரமாக எழுதி வருவார். பிறகு மருத்துவர்கள் அந்த எழுத்தைப் படித்து மரணக் காரணத்துக்கு ஐசிடி எண் கொடுப்பார்கள். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர்.

பலன் என்ன? 25 வயதுக்கு மேற்பட்டவர்களின் மரணங்களில் 'காரணம் தெரியவில்லை, தெளிவில்லை' என்ற பெட்டிக்குள் கிடந்தவை நகரத்தில் 54 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகவும், கிராமத்தில் 41இலிருந்து 26ஆகவும் குறைந்தன. இதே பணியின் தொடர்ச்சியாக 2003இல் லான்செட்டில் வந்த ஆய்வு, இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் சுமார் பாதிப் பேரின் மரணத்துக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று காட்டியது. பீடிக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு இவ்வளவு பெரிது என்று அதற்கு முன் யாரும் எண்ணிக் காட்டியிருக்கவில்லை. அந்த எண்ணுக்குக் கீழே கிடப்பவை தமிழ் வீடுகளில் கேட்டு எழுதிய கதைகள்.

இதை நாடு முழுக்க விரித்ததுதான் பிரபாத் ஜா தலைமையில், இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து நடந்த பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு. உள்ளூர் மொழியில் அரைப் பக்க விவரிப்பு. இரண்டு மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாக எண் கொடுப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி பார்ப்பார்கள், அதிலும் தீராவிட்டால் மூன்றாவதாக மூத்தவர் ஒருவர். என் துறையில் இதை 'அனோடேட்டர் அக்ரிமென்ட்' என்று ஸ்லைடில் போட்டு அளக்கிறோம். அவர்கள் காகிதத்தில் ஏற்கனவே செய்திருக்கிறார்கள். பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 46,000 பேர் இறக்கிறார்கள் என்ற மதிப்பீடு இதிலிருந்து வந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள், எந்த ஓபி சீட்டிலும் இல்லாதவர்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. பென்னாகரம், அரூர் பக்கம் காட்டோரம் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஆய்வு இன்னொரு எண்ணையும் தந்தது, அதில் பெரிய சண்டை வந்தது. மலேரியாவால் ஆண்டுக்கு 2,05,000 மரணம் என்று 2010இல் சொன்னார்கள். அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு வெறும் 15,000. விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்வி: குடும்பம் சொன்ன 'கடும் காய்ச்சல்' மலேரியா என்று எப்படித் தெரியும்? டைஃபாய்டாக இருக்கக் கூடாதா, மூளைக் காய்ச்சலாக இருக்கக் கூடாதா? யார் பக்கம் உண்மை என்பது இங்கே என் விஷயம் இல்லை. அந்தச் சண்டையே போட முடிந்தது பாருங்க, அதுதான் விஷயம். விவரிப்பு இருந்தது, இரண்டு மருத்துவர்களின் இரண்டு முடிவுகளும் இருந்தன. வெறும் எண் மட்டும் மிஞ்சியிருந்தால், 15,000 சரியா 2,05,000 சரியா என்று யார் எதைத் திறந்து பார்ப்பது?

இப்போது நம் சீட்டுக்குத் திரும்புவோம். இன்று இந்தியாவில் இதை எந்த வடிவத்துக்கு மாற்றுகிறார்கள்? ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2020இல் புதுச்சேரி உள்ளிட்ட ஒன்றியப் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்தது. 14 இலக்க ஆபா எண் உங்களிலும் பலரிடம் இருக்கும். அதன் ஆவண வடிவம் ஃபயர் எனப்படும் தரம். நெருப்பு இல்லை, ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். ஆஸ்திரேலியாவின் கிரகாம் கிரீவ் 2011இல் தொடங்கியது, 2018 கடைசியில் வந்த நான்காம் வெளியீட்டைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். புனே சி-டாக் மையம் அதற்கு இந்திய விளக்கக் கையேடு வெளியிட்டிருக்கிறது: ஓபி குறிப்புக்கு ஒரு வடிவம், டிஸ்சார்ஜ் சம்மரிக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று என்று.

நம் வரி ஃபயருக்குள் போகும்போது சின்னச் சின்ன முடிவுகள் நிறைய எடுக்க வேண்டும். 'மெட்ஃபார்மின் 1-0-1' என்பது அவர் ஏற்கனவே சாப்பிடும் மருந்தா, இன்று டாக்டர் எழுதிக் கொடுத்ததா? இரண்டுக்கும் வேறு வேறு பெட்டி, சீட்டில் அது சொல்லப்படவில்லை. 'காய்ச்சல் இல்லை' என்பதைத் தூக்கிப் போட்டுவிடலாமா, மறுக்கப்பட்டது என்று பதிவதா? பதிவதுதான் சரி, நாளை மலேரியா மாதிரி ஒரு சண்டை வந்தால் அது தேவைப்படும்.

எனக்கு இந்தத் தரத்தில் ரொம்பப் பிடித்த ஒரு மூலை உண்டு. நோய், அறிகுறி எதைப் பதிந்தாலும் அதன் குறியீட்டுப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் வைக்கலாம்: ஸ்னோமெட் ஒன்று, ஐசிடி ஒன்று, உள்ளூர்ப் பட்டியல் ஒன்று. கூடவே வெறும் எழுத்துக்கு ஒரு இடம், 'டெக்ஸ்ட்' என்று. நோயாளி சொன்னபடி, டாக்டர் எழுதியபடி. 'முதுகு கட்டை மாதிரி இருக்கு, குனிய முடியல' என்று அப்படியே வைக்கலாம். யார், எந்த நிரலின் எந்தப் பதிப்பு இந்த எண்ணை ஒட்டியது என்று பதியவும் தனி வசதி உண்டு. தரத்தை வடிவமைத்தவர்கள் ஃபாரின் புலம்பலை நன்றாகவே படித்திருக்கிறார்கள் போல.

ஆனால் அந்த இடம் கட்டாயம் இல்லை. எண்ணைக் கொடுத்தால் சரிபார்க்கும் கருவி பச்சை விளக்கு காட்டிவிடும். எழுத்து இடத்தில் எண்ணின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயரையே திரும்ப நிரப்பிவிட்டுப் போகும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். 'வாதம்' என்று சொன்னது எங்கேயோ கரைந்து, சுத்தமான ஆங்கிலத்தில் மூட்டு வலி நிற்கும். இன்னொரு கோடியில், எதுவும் மாற்றாமல் ஸ்கேன் செய்த காகிதத்தை அப்படியே ஏற்றவும் ஒரு ஆவண வகை இருக்கிறது. அது ஒப்பீட்டுக்கு உதவாது, எண்ண முடியாது. ஆனாலும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைப்பதைவிட அது மேல் என்பது என் கட்சி. இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் வேண்டியது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு. எழுத்தில் ஆள் இருக்கிறார். 'மகன் ஓசூர் கம்பெனிக்குப் போனப்புறம் வலி ஜாஸ்தி' என்ற ஒரு வரி போதும், சின்ன ஊரில் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். எண்ணுக்கு அந்த ஆபத்து குறைவு. எனவே எழுத்தை வைத்திருப்பதும் அதை எல்லோருக்கும் அனுப்புவதும் வேறு வேறு என்று பிரிக்க வேண்டியிருக்கிறது: மூலம் மருத்துவமனையில் பூட்டில், வெளியே போவது எண், தேவை வரும்போது அனுமதியோடு மூலம். செய்ய முடிகிற வேலைதான். செலவு பிடிக்கும், அவ்வளவே.

சித்த மருத்துவத்துக்கும் இதே கதவு இப்போது திறந்திருக்கிறது. 4448 வியாதிகள் என்று எண்ணிக்கை சொல்லும் மரபு நம்முடையது, பெர்டியோனுக்குக் குறைந்தவர்கள் இல்லை நாம். ஆயுஷ் அமைச்சகம் 2017இல் நமஸ்தே என்ற தளத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நோய்ப் பெயர்களுக்குக் குறியீடுகள் வெளியிட்டது. 2024 ஜனவரியில் ஐசிடி பதினொன்றின் பாரம்பரிய மருத்துவப் பகுதியில் இவற்றுக்கான பிரிவு வந்தது. ஆக, ஒரே ஆளின் முதுகு இறுக்கத்துக்குச் சித்தக் குறியீடும் நவீன மருத்துவக் குறியீடும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். தண்ணீர் பற்றி இரண்டுமே எதுவும் சொல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல் கறை உண்டாவது பல் உருவாகும் வயதில், சுமாராக முதல் எட்டு வருடத்துக்குள். ஒகேனக்கல் தண்ணீர் வந்த 2013இல் பிறந்த குழந்தைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். நிரந்தரப் பற்கள் கிட்டத்தட்ட எல்லாமே முளைத்துவிட்டன. திட்டம் எந்தக் கிராமத்தில் எவ்வளவு வேலை செய்தது என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது: இப்போது கே00.3 எத்தனை, முன்பு எத்தனை. இப்போதைய பக்கத்தைப் பதியலாம். முன்பு என்ற பக்கம் காகிதத்தில் இருக்கிறது, அதில் யாரும் கே00.3 என்று எழுதியிருக்கப் போவதில்லை. 'பல் மஞ்சள்', 'காவி', 'கறை' என்று ஏதாவது ஒரு சொல்லில், வேறு எதற்கோ வந்த சீட்டின் ஓரத்தில் இருக்கும். பழைய ஓபி சீட்டுகளை நம் ஊரில் பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.